பெருமுக்கலுக்கு எத்தனை மணிக்கு நிழல்?

2019 டிசம்பர் 26 காலை. கோவை, திண்டுக்கல், புதுக்கோட்டை வட்டாரங்களில் சூரியன் நெருப்பு வளையமாக நின்றது. அதே நேரத்தில் திண்டிவனம் – மரக்காணம் சாலையில் உள்ள பெருமுக்கல் குன்றின் கணக்கில் வளையம் இல்லை, மெல்லிய பிறைதான். இன்னும் வடக்கே சென்னையில் சூரியப் பரப்பில் ஏறத்தாழ 85 சதவீதம் மறைந்தது. ஒரே சூரியன், ஒரே சந்திரன். ஆனால் ஊருக்கு ஊர் வேறு கிரகணம். அந்தப் பிறையின் பருமன் முதல் அது தொடங்கி விலகும் நிமிடம் வரை எல்லாம் முன்கூட்டியே அச்சில் வந்திருந்தன.

இந்தக் கணக்கின் பழைய முகம் ஒன்றைப் பார்க்க, பெருமுக்கலிலிருந்து தெற்கே முப்பது கிலோமீட்டர் போனால் போதும். சென்னை வான் ஆய்வகத்தைச் சில ஆண்டுகள் பொறுப்பேற்று நடத்திய ஜான் வாரன், புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரரைக் கண்டார். அவர் தரையில் சோழிகளை வைத்து, மனப்பாடமாக இருந்த வாக்கியங்களைச் சொல்லிச் சொல்லியே 1825 மே 31 இரவு நேர்ந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23, முடிவில் 52 நிமிடம் பிசகியது. எழுதிவைத்த அட்டவணை ஒன்றுகூட இல்லாமல் கிடைத்த விடை அது. வாரன் அதைத் தம் ‘காலசங்கலித’ நூலில் பதிந்து வைத்தார்.

அந்த வாக்கியங்களுக்குள் நல்ல வானியல் இருந்தது. சந்திரன் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. பூமிக்கு அருகே வரும்போது விரைகிறது, விலகும்போது தளர்கிறது. ஒருமுறை அருகே வந்தது முதல் மறுமுறை வருவது வரை சுமார் 27.55 நாள். இப்படி ஒன்பது சுற்று முடிய 248 நாள் ஆகும். ஆகவே நாளுக்கு ஒன்றாக 248 வாக்கியங்கள். ஒவ்வொரு வாக்கியத்தின் எழுத்துகளும் எண்கள். அந்த எண்களிலிருந்து சந்திரன் நிற்கும் இடம் கிடைக்கும்.

சந்திர கிரகணத்துக்கு இது பெரிதும் போதும். பூமியின் நிழல் சந்திரன் மேல் விழுவதை, அப்போது சந்திரன் தெரியும் ஊர்கள் எல்லாம் ஒரே கணத்தில் காண்கின்றன. சூரிய கிரகணம் அப்படி விடாது. பூமியின் மையத்திலிருந்து பார்ப்பதற்கும் விளிம்பிலிருந்து பார்ப்பதற்கும் சந்திரன் ஏறக்குறைய ஒரு பாகை, அதாவது தன் பிம்பத்தைப் போல இரு மடங்கு, இடம் மாறித் தெரியும். பழைய கணித நூல்கள் இதை லம்பனம் என்கின்றன. பகுதி கிரகணத்தின் சிக்கல் முழுவதும் இதற்குள் இருக்கிறது: எங்கே நின்று பார்க்கிறோம்?

எந்த அமாவாசையில் கிரகணம் என்பது சுலபமான பகுதி. சந்திரப் பாதை சூரியப் பாதைக்குச் சுமார் 5 பாகை சாய்ந்தது. இரண்டும் வெட்டும் புள்ளிகளே ராகு, கேது. அவற்றின் அருகே அமாவாசை வந்தால் கிரகணம். 18 ஆண்டு 11 நாள் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை அதே அமைப்பு திரும்புகிறது. ஆனால் அந்த 8 மணி நேரத்தில் பூமி மூன்றில் ஒரு பங்கு சுழன்றுவிடும். 2019 கிரகணத்துக்கு முந்தைய சுற்று 2001 டிசம்பர் 14-ல் பசிபிக் கடலைக் கடந்து கோஸ்டா ரிகா வரை போனது அதனால்தான்.

ஊரைக் கணக்கில் சேர்க்கும் வழியை, வாரன் சோழிகளைக் கண்ட அதே பத்தாண்டில், ஜெர்மானியக் கணிதர் ஃபிரெட்ரிக் பெஸ்ஸல் வகுத்தார். பூமியின் மையம் வழியாக, நிழலின் அச்சுக்குச் செங்குத்தாக ஒரு தட்டையான தாளைக் கற்பனை செய்துகொள்ள வேண்டும். அந்தத் தாளில் சந்திரனின் புறநிழல் ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் ஆரமுள்ள வட்டமாக ஊர்ந்து செல்லும். 12.2 பாகை வடக்கிலுள்ள பெருமுக்கலும் அதே தாளில் ஒரு புள்ளி. பூமி சுழலச் சுழல அதுவும் நகரும். புள்ளிக்கும் வட்ட மையத்துக்கும் உள்ள தூரம் ஆரத்துக்குச் சமமாகும் கணம் கிரகணத்தின் தொடக்கம். தூரம் மிகக் குறையும் கணம் உச்சம். மீண்டும் ஆரத்தை எட்டினால் விலகல்.

எவ்வளவு மறைந்தது என்பதிலும் கவனம் வேண்டும். 2020 ஜூன் 21-ல் சென்னையில் சூரியனின் விட்டத்தில் 46 சதவீதம் மறைந்தது. பரப்பிலோ 34 சதவீதம்தான். இரண்டு எண்ணும் சரி, அளப்பது வேறு.

இன்று சந்திரனின் தூரம் லேசர் ஒளியால் சென்டிமீட்டர் அளவுக்குத் துல்லியமாகத் தெரியும். அப்போலோ வீரர்கள் அங்கே வைத்துவிட்டு வந்த பிரதிபலிப்பான்கள் அதற்கு உதவுகின்றன. சற்றே அடம்பிடிப்பது பூமிதான். அதன் சுழற்சி சீராக இல்லை. அதில் ஒரு நொடி பிசகினால், நம் அட்சரேகையில் நிழல் சுமார் 450 மீட்டர் தள்ளி விழும். அதனால் அந்தச் சில நொடிகளை இடைவிடாமல் அளந்து, கணக்கைத் திருத்திக்கொண்டே இருக்கிறார்கள்.

அடுத்த நல்ல சோதனை 2031 மே 21. அன்று வளையம் தமிழகத்தின் தென்பகுதியைக் கடக்கும். பெருமுக்கலுக்கும் மரக்காணத்துக்கும் மறுபடி பகுதி கிரகணம். நண்பகலை ஒட்டிய நேரம், உப்பளங்களில் கோடை வெயில் கொளுத்தும் மாதம். சூரியனை நேராகப் பார்க்க வேண்டியதில்லை. வேப்பமரத்தடியில் இலை இடுக்குகள் வழியே விழும் ஒளிப்பொட்டுகள் எல்லாம் பிறைகளாகும். முதல் பொட்டு எப்போது ஓரம் குறைகிறது என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டு, அச்சிட்ட நேரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.