இம்பால் – ஷில்லாங்: 220 கிலோமீட்டருக்கு எத்தனை மணி நேரம்?

மணிப்பூரின் தலைநகரான இம்பாலுக்கும் மேகாலயத்தின் தலைநகரான ஷில்லாங்கிற்கும் விமான நிலையங்கள் உண்டு. வரைபடத்தில் அவ்விரண்டையும் ஒரு நேர்கோட்டால் இணைத்தால் தொலைவு ஏறத்தாழ 220 கிலோமீட்டர். ஆனால், அந்தக் கோட்டின்மீது சாலை இல்லை. கோஹிமா, திமாப்பூர் வழியாகச் சுற்றினாலும், ஜிரிபாம், சில்சர் வழியாகச் சென்றாலும் தொலைவு இரு மடங்கைத் தாண்டுகிறது. மலைப்பாதையில் 12 மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். ஷில்லாங்கில் உயர்கல்வி பயிலும் மாணவருக்கும் மருத்துவம் பெறச் செல்லும் நோயாளிக்கும் இது ஒரு நாள் இழப்பாகும்.

இந்நிலையில், 2021 ஜூலையில் உடான் திட்டத்தின்கீழ் இவ்விரு நகரங்களுக்கும் இடையே நேரடி விமானம் தொடங்கப்பட்டது. பயண நேரம் ஏறத்தாழ ஒரு மணி. இங்கே ஓர் ஐயம் எழலாம். இத்தகைய வழித்தடங்களில் பறக்கும் ஏ.டி.ஆர். விமானத்தின் வேகம் மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர். அப்படியானால் 220 கிலோமீட்டருக்கு அரை மணி நேரம் போதாதா? கால அட்டவணை காட்டுவது வானில் பறக்கும் நேரத்தை மட்டுமன்று. நிறுத்துமிடத்திலிருந்து நகரத் தொடங்குவது முதல், சென்றடைந்து நிற்பது வரையிலான நேரத்தை. ஓடுபாதைக்குச் செல்லுதல், மேலேறுதல், இறங்குதல் ஆகியவை குறுந்தொலைவுப் பயணத்தில் பெரும்பங்கை எடுத்துக்கொள்கின்றன.

பயணி கணக்கிட வேண்டியதோ வீட்டு வாசலிலிருந்து சேருமிடம் வரையிலான நேரம். விமான நிலையத்தை அடைய அரை மணி, முன்கூட்டியே காத்திருக்க இரண்டு மணி, விமானத்தில் ஒரு மணி, பெட்டியைப் பெற்று வெளிவர அரை மணி. ஷில்லாங் விமான நிலையம் நகரிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி உம்ரோயில் இருப்பதால் மேலும் ஒரு மணி. ஆக மொத்தம் ஐந்து மணி நேரம். அப்போதும் சாலைப் பயணத்தில் பாதிக்கு மேல் மிச்சமாகிறது.

குவாஹாட்டிக்குப் பறந்து, அங்கிருந்து வாடகைக் காரில் ஷில்லாங் செல்லும் மாற்று வழியும் உண்டு. இதற்குக் கூடுதலாக இரண்டு, மூன்று மணி நேரம் ஆகலாம். ஆயினும் குவாஹாட்டிக்கு விமானங்கள் மிகுதி. நேரடி விமானத்திற்காக இரண்டு நாள் காத்திருக்க நேர்ந்தால் மிச்சமாகும் நேரத்திற்குப் பொருளில்லை.

உடான் வழித்தடங்களுக்கு அரசு இழப்பீட்டு நிதி பொதுவாக மூன்றாண்டுகள் வரையே வழங்கப்படுகிறது. இந்நிதியில் ஒரு பகுதி, முக்கிய வழித்தட விமானங்கள் மீது விதிக்கப்படும் தீர்வையிலிருந்து வருகிறது. மாநில அரசுகளும் பங்களிக்கின்றன. உதவிக் காலம் முடிந்தபின் போதிய பயணிகள் இல்லையெனில் சேவை நின்றுபோகலாம். எனவே பழைய அட்டவணையை நம்பாமல், புறப்படும் நாளுக்குரிய சேவை உண்டா என்பதை முதலில் உறுதி செய்வோம்.

தொடர்பயணம் இருப்பின் இரு விமானங்களையும் ஒரே பயணச்சீட்டில் பதிவு செய்வது நலம். மழைக்காலத்தில் மேகமூட்டத்தால் முதல் விமானம் தாமதமானால், தனித்தனியாக வாங்கிய இரண்டாவது சீட்டின் தொகையை நாமே இழக்க நேரிடும். தேர்வு, அறுவைச் சிகிச்சை, நேர்காணல் போன்ற தவறவிட இயலாத காரியங்களுக்கு ஒரு நாள் முன்னரே சென்றடைவோம். அந்த ஓரிரவு விடுதிக் கட்டணத்தையும் பயணச் செலவுடன் சேர்த்தே திட்டமிடுவோம்.