மின்னியற்றியும் அளவறிதலும்

காரைக்குடியைச் சூழ்ந்த செட்டிநாட்டு ஊர்களில் மாளிகை போன்ற வீடுகள் பல உள்ளன. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என நீண்டு, ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடியும் பெருவீடுகள் அவை. வீட்டார் தொழிலின் பொருட்டு வெளியூர்களில் வாழ்வதால், அவற்றுள் பல ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே கிடக்கும். திருமணம் போன்ற நன்னாள்களில் உற்றார் அனைவரும் அங்கே கூடுவர். வீடு விளக்கொளியால் பொலியும். அவ்வேளையில் மின்சாரம் தடைப்பட்டால் என் செய்வது? சில நாள்களுக்கு மட்டும் வேண்டிய மின்னாற்றலைப் பெற, எடுத்துச் செல்லத்தக்க மின்னியற்றி உற்ற துணையாகும். மக்கள் இதனை ஜெனரேட்டர் என வழங்குவர்.

காந்தப்புலம் மாறும்போது கம்பிச் சுருளில் மின்னோட்டம் தோன்றும் என்னும் உண்மையை மைக்கேல் பாரடே 1831-ஆம் ஆண்டில் கண்டறிந்தார். அவ்வுண்மையே மின்னியற்றியின் அடிப்படை. பெட்ரோலாலோ டீசலாலோ இயங்கும் எந்திரம் அதனைச் சுழற்றுகின்றது. எந்திரத்தின் வலிமைக்கு ஓர் எல்லை உண்டு. ஆதலின், மின்னியற்றி தரும் திறனுக்கும் எல்லை உண்டு. அவ்வெல்லையை அறியாமல் கருவிகளை இணைப்போர் இடர்ப்படுவர்.

மின்திறனை வாட் என்னும் அலகால் அளப்பர். 1000 வாட் ஒரு கிலோவாட் ஆகும். ஒரு திருமண வீட்டின் தேவையைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 10 வாட் எல்.இ.டி. விளக்குகள் முப்பதுக்கு 300 வாட். 75 வாட் மின்விசிறிகள் எட்டுக்கு 600 வாட். குளிர்பெட்டி ஒன்றுக்கு 150 வாட். இவை மூன்றும் சேர்ந்து 1050 வாட் ஆகும். கிணற்று நீரை மேல்தொட்டிக்கு ஏற்றும் ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஓடுவதற்கு ஏறத்தாழ 1000 வாட் வேண்டும். ஆகமொத்தம் 2050 வாட். அங்ஙனமாயின், இரண்டரைக் கிலோவாட் மின்னியற்றி போதும் எனத் தோன்றும். ஆனால், அது போதாது.

பாரம் ஏற்றிய மாட்டுவண்டியை நினைத்துப் பாருங்கள். நிற்கும் வண்டியை நகர்த்துவதற்கு எருதுகள் மூச்சைப் பிடித்து இழுக்கின்றன; வண்டி உருளத் தொடங்கிய பின்னரோ எளிதாக நடக்கின்றன. மோட்டாரும் அத்தகையதே. ஓடும்போது கொள்ளும் மின்னோட்டத்தைப்போலப் பன்மடங்கை அது தொடங்கும் கணத்தில் ஈர்க்கும். நம் மோட்டாருக்குத் தொடக்கத்தில் மும்மடங்கு, அதாவது 3000 வாட் வேண்டும் எனக் கொள்வோம். ஏனைய 1050 வாட்டைக் கூட்டினால் 4050 வாட் ஆகும். சிறிது மிச்சமும் வேண்டுமாதலால், ஐந்து கிலோவாட் மின்னியற்றியே பொருத்தமானது.

சிறிய மின்னியற்றியுடன் இதனை இணைத்தால் நேர்வது யாது? மின்னழுத்தம் வீழும், விளக்குகள் மங்கும். சுழல இயலாத மோட்டார் முனகி நிற்கும். நீடித்தால் அதன் சுருள் வெந்து கருகும். பெரிதாக வாங்கிவிட்டால் நன்று என எண்ணுதலும் தவறு. விலை மிகும், எரிபொருள் வீணாகும், சிறு சுமையிலேயே நெடுநேரம் ஓடும் டீசல் எந்திரத்தில் கரி படியும். விரலுக்குத் தக்க வீக்கம் வேண்டும்.

பெயர்ப்பலகையையும் கூர்ந்து நோக்குதல் வேண்டும். சிறிது நேரமே தரத்தக்க மிகுதிறன் வேறு. தொடர்ந்து தரும் திறன் வேறு. சிலவற்றில் கிலோவாட்டுக்குப் பதிலாகக் கே.வி.ஏ. என எழுதியிருக்கும். திறன் காரணி 0.8 ஆயின், 5 கே.வி.ஏ. என்பது 4 கிலோவாட்டே ஆகும். நாம் கணக்கிட்ட 4050 வாட்டுக்கு அது எட்டாது.

கணக்கு அறிந்தவர் செலவையும் குறைக்கலாம். விருந்தினர் வருமுன்பே மேல்தொட்டியை நிரப்பிவிட்டால் மோட்டார் வேண்டாம். இரண்டு கிலோவாட் மின்னியற்றியே போதும். 2000 வாட் கொள்ளும் வெந்நீர்க் கருவி ஒன்று இருநூறு விளக்குகளுக்கு நிகர். விறகடுப்பில் நீரைச் சுடவைத்தால் அச்சுமையும் நீங்கும். விளக்கும் விசிறியும் சிறிது நேரம் இயங்குவதற்கு மின்கலமே போதும். மின்கலங்களை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் காரைக்குடியிலேயே உள்ளது. அதற்கு வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்கினார். அது 1953-ஆம் ஆண்டு சனவரி 14-ஆம் நாள் திறக்கப்பெற்றது.

அளவைக் காட்டிலும் இன்றியமையாத செய்திகள் இரண்டு உள்ளன. மின்னியற்றி வெளிவிடும் புகையில் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு உண்டு. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, உறங்குவோரை உணர்த்தாமலே கொல்லும். வளவில் வானம் தெரிகின்றதே எனக் கருதி அங்கே வைத்தல் கூடாது. சுற்றியுள்ள அறைகளில் புகை புகும். வீட்டிற்கு வெளியே, சன்னல்களுக்கு இருபதடிக்கு அப்பால், திறந்த வெளியில் வைத்தல் வேண்டும். மற்றொன்று, மாற்றுச் சுவிட்சு இன்றி வீட்டுக் கம்பிகளில் அதனை இணைத்தல் ஆகாது. மின்சாரம் பின்னோக்கிப் பாய்ந்து, தெருவின் மின்மாற்றியில் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக உயர்ந்து, கம்பத்தில் பழுது நீக்கும் பணியாளரின் உயிரைப் பறிக்கும்.

நம் வீட்டு விளக்கு எரிவதற்காகப் பிறர் வீட்டு விளக்கு அணையலாமோ? தேவையை எண்ணி, எல்லையை அறிந்து, பிறர் நலமும் பேணிக் கையாள்வோர்க்கே மின்னாற்றல் நல்ல ஏவலாளாக அமையும்.