பரிசுக்குப் பதில் ஒரு பசு

கிறிஸ்துமஸ் பண்டிகை வந்துவிட்டால் ஒருவருக்கொருவர் பரிசு வழங்கிக்கொள்வது அமெரிக்க தேசத்துக் குடும்பங்களில் நெடுநாளைய சம்பிரதாயம். ஆயினும், பெட்டி நிறைய உடை உள்ளவருக்கு மேலும் ஒரு கம்பளிச் சட்டையை வாங்கித் தருவதைவிட, அவர் பெயரால் ஓர் ஏழைக் குடும்பத்துக்கு உதவுவதே உத்தமம் என்று கருதுவோரும் அங்கே உண்டு.

அத்தகையோருக்கு வழிகாட்டும் ஸ்தாபனங்களுள் ஒன்று ஹைஃபர் இன்டர்நேஷனல். ஸ்பெயின் உள்நாட்டு யுத்தத்தின்போது குழந்தைகளுக்குப் பால் பங்கிட்டுக் கொடுத்த அதன் ஸ்தாபகர், டான் வெஸ்ட் என்னும் விவசாயி, கோப்பைப் பால் இன்றோடு தீர்ந்துபோகும், பசுவோ நாளையும் கறக்கும் என்று தெளிந்ததன் பயனாக, 1944-ஆம் ஆண்டில் 17 கிடேரிகள் போர்ட்டோ ரிக்கோ தீவுக்குக் கப்பலேறின. பசுவைப் பெற்ற குடும்பம் அது ஈனும் முதல் பெண் கன்றை வேறோர் ஏழைக் குடும்பத்துக்கு அளிக்கவேண்டும் என்பது நிபந்தனையாதலால், தானம் ஏற்றவரே தானம் அளிப்பவராகவும் உயர்கிறார்.

இன்று ஆடு, கோழி, தேனீப் பெட்டி ஆகியவற்றின் பெயராலும் பணம் செலுத்தலாம். நண்பரின் கைக்கு வருவதோ, அந்தத் தர்மத்தை அறிவிக்கும் வாழ்த்து அட்டை மட்டுமே. அவருடைய சம்மதத்தை முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நாகரிகம்; பிறர் பெயரால் செய்யும் தர்மம், அவர் மனமும் நிறைந்தால்தான் பரிசாகும்.