ஆறுதல் பெற மறுத்த தாய்



2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. திருச்சபை திருக்குடும்ப விழாவைக் கொண்டாடிய நாள். அன்று காலையில்தான் கடல் ஊருக்குள் புகுந்தது. நம் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த காரைக்காலிலும், அதை அடுத்த நாகப்பட்டினம், வேளாங்கண்ணிக் கரையிலும் எத்தனையோ குடும்பங்கள் பிள்ளைகளைப் பறிகொடுத்தன. இரண்டு நாள் கழித்து வந்தது மாசில்லாக் குழந்தைகள் விழா.

அவ்விழாவின் நற்செய்தியில் (மத்தேயு 2:13-18) ஏரோது பெத்லகேமின் ஆண் குழந்தைகளைக் கொல்கிறான். உடனே நற்செய்தியாளர் எரேமியாவின் இறைவாக்கை நினைவூட்டுகிறார். இராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுகிறாள். ஆறுதல் பெற மறுக்கிறாள். மத்தேயு அவளைக் கடிந்துகொள்ளவில்லை. அவளுடைய அழுகையை அப்படியே எழுதி வைத்தார். இலாசரை எழுப்பப்போவதை அறிந்திருந்தும் ஆண்டவர் இயேசு கண்ணீர் விட்டார். எனவே பிள்ளையை இழந்தவரின் கண்ணீரை நம்பிக்கைக் குறைவு என்று யாரும் சொல்ல வேண்டாம்.

நம் முதலியார்பேட்டையில் துக்க வீட்டுக்குப் போகும்போது நாம் என்ன சொல்கிறோம்? ‘நல்ல பிள்ளையைக் கடவுள் சீக்கிரம் எடுத்துக்கொள்வார்’ என்கிறோம். ‘இன்னொரு பிள்ளை பிறக்கும்’ என்கிறோம். நல்ல மனத்தோடுதான் சொல்கிறோம். ஆனால் முதல் சொல் கடவுளைப் பிள்ளை பறிப்பவராக்குகிறது. இரண்டாவது சொல், போன பிள்ளைக்கு மாற்று உண்டு என்கிறது. ஏரோதின் வாளைக் கடவுள் அனுப்பியதாக மத்தேயு எழுதவில்லை.

அப்படியானால் எதிர்நோக்கு எங்கே? எரேமியா 31-ஆம் அதிகாரத்தில், இராகேலின் அழுகைக்கு அடுத்த வசனங்களிலேயே, பிள்ளைகள் திரும்பி வருவார்கள் என்று ஆண்டவர் வாக்களிக்கிறார். பெத்லகேமில் தப்பிய குழந்தை கல்வாரியில் தப்பவில்லை. அன்னை மரியாவும் பிள்ளையை இழந்த தாயானார். ஆனால் தந்தையாம் இறைவன் அந்த மகனைக் கல்லறையில் விட்டுவிடவில்லை. திருமுழுக்குப் பெற்று இறந்த நம் குழந்தைகள் அவரோடு வாழ்கிறார்கள் என்று நம்புகிறோம். கருவிலேயே இறந்த சிசுக்களையும், திருமுழுக்குப் பெறுமுன் இறந்தவர்களையும் திருச்சபை இறை இரக்கத்தில் ஒப்படைக்கிறது. அவர்களுக்கும் மீட்பின் வழி உண்டென எதிர்நோக்க நமக்கு இடம் தருகிறது (திருச்சபையின் மறைக்கல்வி, எண் 1261).

நாகப்பட்டினத்தில் தங்கள் மூன்று பிள்ளைகளையும் சுனாமியில் இழந்த ஒரு தம்பதியர், பெற்றோரை இழந்த பிள்ளைகளைத் தங்கள் வீட்டில் சேர்த்து வளர்த்தார்கள். எல்லாராலும் இது இயலாது. இயலாதவர்கள் தங்களைக் குறை சொல்லிக்கொள்ளவும் வேண்டாம். காலையில் எழுந்து அடுப்பு மூட்டுவதே சிலருக்குப் பெரிய எதிர்நோக்கு.

நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பதினாறாம் நாள் முடிந்ததும் அந்த வீட்டை மறந்துவிட வேண்டாம். அருகில் போய் உட்காருவோம். வாய்விட்டு அழாத தகப்பனையும் கவனிப்போம். பிள்ளையின் பெயரைச் சொல்லத் தயங்க வேண்டாம். பெற்றவர்கள் அதைக் கேட்க ஏங்குவார்கள். கல்லறைத் திருநாளிலும், பிள்ளையின் பிறந்த நாளிலும் திருப்பலிக் கருத்தில் அந்தப் பெயரைச் சேர்ப்போம்.

இராகேலின் கண்ணீரைக் கண்ட இறைவன், நம் வீடுகளின் கண்ணீரையும் துடைப்பாராக. ஆமென்.