மேலேயா, கீழேயா?

சர்க்கரை ஒன்றையும் நைட்ரஜன் உள்ள பல்லின வளையம் ஒன்றையும் ஒற்றைப் பிணைப்பால் இணைத்தால் கிடைப்பது நியூக்ளியோசைடு. ஆர்.என்.ஏ.வின் எழுத்துகளும் எய்ட்ஸ் மருந்தான ஏ.இசட்.டி.யும் இந்த வகைதான். 1914-இலேயே எமில் ஃபிஷரும் ஹெல்ஃபெரிக்கும் வெள்ளி உப்பின் துணையோடு குளுக்கோஸில் பியூரின் வளையத்தைப் பொருத்திவிட்டார்கள். ஆகவே, இணைப்பது பெரிய வித்தை அல்ல. எந்தப் பக்கம் இணைவது என்பதில்தான் சிக்கல். சர்க்கரையின் முதல் கார்பனை வளையம் மேலிருந்தும் பிடிக்கலாம், கீழிருந்தும் பிடிக்கலாம். கீழே ஒட்டியதில் அணுக்கள் ஒன்றும் குறையாது. ஆனால் உடலின் நொதிகள் பெரும்பாலும் அதை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

1970களில் பெர்லினில் வேதியியலாளர் ஃபோர்ப்ரூகன் செம்மைப்படுத்திய முறையைப் பாருங்கள். யுராசில் என்ற நைட்ரஜன் வளையம் கரிமக் கரைப்பான்களில் எளிதில் கரையாத வெள்ளைத் தூள். அதை ஹெக்ஸாமெத்தில்டைசிலசேனில் கொதிக்கவைத்தால் சிலிக்கான் தொகுதிகள் ஏறி, கலங்கல் தெளிந்த திரவமாகிறது. பென்சாயில் தொகுதிகள் போர்த்திய ரைபோஸ் சர்க்கரையை அதில் சேர்த்து, டின் டெட்ராகுளோரைடு போன்ற லூயிஸ் அமிலத்தை விட்டால், முதல் கார்பனில் இருக்கும் அசிட்டேட் கழன்று நேர்மின்சுமை எஞ்சுகிறது. உடனே இரண்டாம் கார்பனின் பென்சாயில் கீழ்ப்பக்கமாக வளைந்து அந்த இடத்தை அடைக்கிறது. யுராசிலுக்கு மேல்வழி மட்டுமே மிச்சம். பாதுகாப்புக்காகப் போட்ட தொகுதியே திசையையும் தீர்மானிக்கிறது என்பது இந்த முறையின் அழகு. கடைசியில் மெத்தனாலில் கலந்த அம்மோனியா அதைக் கழற்றிவிடும்.

இரண்டாம் கார்பனின் ஆக்ஸிஜனும் மேலே இருக்க வேண்டுமானால் என்ன செய்வது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், ரத்தப் புற்றுநோய் மருந்தான சைட்டராபினின் அமைப்பு அப்படிப்பட்டது. அங்கே முதலில் வழக்கம்போல் ரைபோஸிலேயே இணைத்துக்கொள்கிறார்கள். பிறகு நைட்ரஜன் வளையத்தின் ஆக்ஸிஜனை மேலிருந்து இரண்டாம் கார்பனோடு பிணைத்து, நீரால் அவிழ்க்கிறார்கள். ஆக்ஸிஜன் மேலேயே தங்கிவிடுகிறது. சுற்றுவழிதான், ஆனால் பிசகாத வழி. இத்தனை போர்த்தலும் கழற்றலும் எதற்கு, நொதிகளிடமே விட்டால் என்ன என்பது இதைவிட வலுவான கேள்வி. போர்வை எதுவும் இல்லாமலே சரியான பக்கத்தில் இணைப்பது நொதியின் பிறவிக்குணம். 2019-இல் மெர்க் நிறுவன ஆய்வாளர்கள் இஸ்லாட்ராவிர் என்ற மருந்தை ஒன்பது நொதிகளைக் கொண்டு தயாரித்தும் காட்டினார்கள். ஆனால் நொதிக்குத் தனக்குப் பழகிய சர்க்கரைதான் பிடிக்கும். மருந்துக்கோ உருமாறிய சர்க்கரை வேண்டும். அதனால் அந்த ஒன்பதில் ஐந்தின் அமைப்பைத் திருத்திய பிறகே வேலை வாங்க முடிந்தது.