'அடுத்து' என்னும் பொத்தான்

இணையவழிப் பாடத்தொடர்களைச் சமைப்போர் எழுத்துக்கும் சித்திரத்துக்கும் ஒலிக்கும் செலவிடுகிற பிரயாசையில் நூறில் ஒரு பங்கையேனும், ஒரு பாடத்திலிருந்து மறுபாடத்துக்கு மாணவனை அழைத்துச் செல்லும் வழிக்குச் செலவிடுவதில்லை என்பது என் அபிப்பிராயம்.

இந்த விவகாரம் இணையத்துக்கு வெகுகாலம் முந்தியது. 1950-களில் அமெரிக்க மனோதத்துவ நிபுணர் ஸ்கின்னர் அமைத்த போதனா இயந்திரத்தில் எல்லா மாணவரும் ஒரே வரிசையில், சிறு சிறு படியாக, எதையும் தாண்டாமல் முன்னேற வேண்டும். அதே நாட்டு நார்மன் கிரௌடரோ, தவறான விடையைத் தேர்ந்தவனை அத்தவறு நேர்ந்த காரணத்தை விளக்கும் வேறொரு பக்கத்துக்கு அனுப்பும்படி, பக்கங்களின் வரிசையை வேண்டுமென்றே கலைத்து நூல்கள் இயற்றினார். 1960-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் தோன்றிய பிளேட்டோ கணினிக் கல்விமுறையின் விசைப்பலகையில், பின்னாளில், 'அடுத்து', 'பின்செல்', 'உதவி' என்பனவற்றுக்குத் தனி விசைகளே இருந்தன.

இன்று மாணவனை வழிநடத்தும் அப்பணி, பிரௌசரில் இயங்கும் ஜாவாஸ்கிரிப்ட் என்னும் நிரல்மொழியின் பொறுப்பு. பாடங்களைப் பட்டியலாக நிறுத்தி, மாணவன் நிற்குமிடத்தை ஓர் எண்ணால் குறித்து, பொத்தானை அவன் அழுத்தும்போது விடையைப் பரிசீலித்து, முன்னே நகர்த்துவதோ கிளைப்பாதையில் திருப்புவதோ எளிய காரியந்தான். பாதியில் எழுந்து சென்றவன் மறுநாள் திரும்பும்போதுதான் கஷ்டம் பிறக்கிறது. அதற்காகவே ஸ்கார்ம் 1.2 என்னும் தரவிதி, அவன் விட்ட இடத்தை 255 எழுத்துக்குள் குறித்துவைக்க வழி செய்தது. 2004-ஆம் பதிப்பு அதை 1000 எழுத்தாக்கியதோடு, அடுத்ததற்கோ முந்தியதற்கோ செல்ல வேண்டுமென்று பாடமே கற்றல் தளத்திடம் விண்ணப்பிக்கவும் இடமளித்தது. பிரௌசரின் 'பேக்' பொத்தானை மறப்பவர் அநேகர். ஒவ்வொரு நகர்வையும் பிரௌசரின் வரலாற்றில் பதியாவிட்டால், ஒரு பாடம் பின்னே போக விரும்பியவன் பாடத்தொடருக்கே வெளியே போய் விழுவான்.

காணொளி முடியும்வரை 'அடுத்து' பொத்தானை மறைத்துவைக்கும் வழக்கம் எனக்கு உவப்பானதன்று. அப்படி மறைக்கும் நிரல் மாணவனுடைய பிரௌசரிலேயே இயங்குவதால், விஷயம் அறிந்தவன் அதை அனாயாசமாக அவிழ்த்துவிடுவான். அறியாதவனும் ஏற்கெனவே பாடம் தெரிந்தவனுமே அங்கே வீணாகக் காத்திருப்பார்கள். பரீட்சைக்கோ உயிராபத்துள்ள தொழிற்பயிற்சிக்கோ தடை அவசியமெனில், அதை சர்வரில் வையுங்கள். மற்ற இடங்களில் முன்வழியைத் தளர்த்துங்கள், பின்வழியை ஒருபோதும் அடைக்காதீர்கள்.