பூவில்லாத காலத்தில் பச்சைச் செடிகளை இனங்காணுதல்

பங்குனி, சித்திரை மாதங்களில் திண்டுக்கல் சமவெளியில் பசுமை மிகவும் சுருங்கிவிடும். வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைத்த சோளமும் பயறும் வீடு வந்து சேர்ந்தபின் மானாவாரி நிலங்கள் வெறுமையாய்க் கிடக்கும். வேலிக் கிளுவை இலையுதிர்த்துக் குச்சியாய் நிற்கும். கோடகனாற்றில் மணலே தெரியும். வேடசந்தூர், வடமதுரை, சாணார்பட்டிப் பக்கங்களில் அப்பொழுது கண்ணுக்குத் தென்படும் பசுமையெல்லாம், வருஷம் முழுவதும் இலை மாறாத சில செடிகளேயாம். கிணற்றுமேட்டில் அரளி, நந்தவனத்தில் பொன்னரளியும் நந்தியாவட்டையும், கரடுகளில் விராலி, வாய்க்காலோரத்தில் ஆடாதொடை என அவை நிற்கும். தீவனமின்றித் திரியும் ஆடுமாடுகளின் நாட்டம் இவற்றின்மேல் செல்வது இயல்பே. இவற்றுள் சில மருந்து, சில தழையுரம், சில கொடிய நஞ்சு.

வேரூன்றி நிற்கும் அரளியால் நேரும் தீங்கைக் காட்டிலும், வெட்டிப் போட்ட அரளியால் நேரும் தீங்கே மிகுதி. பச்சை இலை கசப்பாதலால் கால்நடைகள் பெரும்பாலும் அதை முகர்ந்துவிட்டு விலகும். வேலியைக் கத்தரித்து எறிந்த தழை வாடியபின் அந்த விலக்கம் குறைந்துவிடுகிறது, நஞ்சோ குறைவதில்லை. உலர்ந்த இலையில், மாட்டின் உடல் எடை ஒவ்வொரு கிலோவுக்கும் 50 மில்லிகிராம் வீதம் உட்சென்றாலே உயிர்போகப் போதும் எனச் சோதனைகளில் கண்டுள்ளனர். 300 கிலோ எடையுள்ள கறவைப் பசுவுக்கு இது 15 கிராம், அதாவது ஒரு கைப்பிடிக்கும் குறைவு. “ஆட்டுக்குத் தெரியும், ஆகாததைத் தின்னாது” என்று சொல்லிக்கொண்டு பலவகைத் தழைகளையும் கலந்து பட்டியில் போடுவோர் இக்கணக்கை நினைவில் வைத்தல் நலம். பசித்த ஆட்டுக்கு அவ்வறிவு நிலைப்பதில்லை.

ஆகவே, தழையைப் பார்த்தே செடியைச் சொல்லும் பழக்கம் குடியானவர்க்கு வேண்டும். தாவர நூல்கள் இதற்கு அதிகம் உதவுவதில்லை. சுவீடன் தேசத்து லின்னேயஸ் 1753-ஆம் வருஷத்தில் வெளியிட்ட நூலில் செடிகளைப் பூவின் உறுப்புகளைக் கொண்டே வகுத்தார். சென்னை மாகாணத்துத் தாவரங்களைப் பற்றி 1915 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வெளிவந்த காம்பிள் என்பாரின் பெருநூலும் பூவையும் காயையுமே பெரிதும் கேட்கும். கத்தரித்த வேலியில் பூவேது, காயேது?

பூவில்லாதபோது முதலில் நோக்க வேண்டியது, இலை கிளையில் அமர்ந்திருக்கும் முறை. ஒரு கணுவில் ஓர் இலையா, எதிரெதிராக இரண்டா, சுற்றிலும் மூன்றா என்று எண்ண வேண்டும். அடுத்து, இலையைப் புரட்டி நரம்பைப் பார்க்க வேண்டும். அதன்பின்னரே கிள்ளிப் பால் வருகிறதா என்று காணலாம். நாட்டுப்புறத்தில் இவ்வரிசை தலைகீழாகவே உள்ளது. பால் வடிந்தால் நஞ்சு, வடியாவிட்டால் தீவனம் என்ற எண்ணம் பரவியிருக்கிறது. இது பெருந்தவறு. களாச்செடியைக் கிள்ளினால் பால் வரும். அதன் பழத்தை யாவரும் உண்கின்றனர். அரளியைக் கிள்ளினாலோ பொன்னரளியில் பெருகுவதுபோல் வெண்பால் பெருகுவதில்லை. பிசுபிசுத்த சாறே கசியும். பாலைத் தேடுபவர் அரளியைத் தீங்கற்ற செடியென்று கைவிடக்கூடும்.

அரளியைக் காட்டிக்கொடுப்பவை அதன் கணுவும் நரம்புமே. முற்றிய கிளையில் பெரும்பாலும் கணுவுக்கு மூன்று இலைகள் சுற்றி நிற்கும். சில கிளைகளில் இரண்டாகவும் இருக்கும். இலை நான்கு முதல் ஆறு அங்குல நீளமும் சுமார் முக்கால் அங்குல அகலமும் கொண்டு, தோல்போல் தடித்திருக்கும். நடுநரம்பு அடிப்புறத்தில் வெளிறிப் புடைத்துத் தோன்றும். அதிலிருந்து இருபுறமும் மெல்லிய பக்க நரம்புகள் சீப்பின் பற்களைப்போல் நெருங்கி, ஏறக்குறைய நேர்குறுக்காக விளிம்பை நோக்கிச் செல்லும். வெயிலுக்கு நேரே இலையைப் பிடித்தால் இது தெளிவாகும். இலையின் அடிப்புறத்தில் மயிரடர்ந்த நுண்குழிகள் உள்ளன. செடி சுவாசிக்கும் துளைகள் அவற்றுள் ஒளிந்திருப்பதால் நீர் எளிதில் ஆவியாவதில்லை. கோடையில் மற்றவை வாட, அரளி மட்டும் கரும்பச்சையாய் நிற்பதற்கு இவ்வமைப்பும் ஒரு காரணம்.

பொன்னரளி என்றும் மஞ்சளரளி என்றும் வழங்குவது வேறினம். வெப்ப அமெரிக்காவிலிருந்து வந்தது. இதன் இலைகள் தனித்தனியே கிளையைச் சுற்றி அடர்ந்து ஏறும். ஒரு கணுவில் மூன்று நில்லா. இலை நீளத்தில் அரளியை ஒத்தாலும் அகலம் கால் அங்குலத்துக்குச் சற்றேறக்குறையவே இருக்கும். மேற்புறம் பளபளக்கும், நடுநரம்பு ஒன்றன்றி வேறு நரம்பு கண்ணுக்குத் தெரிவது அரிது. கிள்ளிய இடத்தில் வெண்பால் உடனே சொட்டும். செடி முழுதும் நஞ்சே. விதையில் அது மிகுதி. உருண்டு திரண்ட பச்சைக் காய்கள் கீழே உதிர்ந்து கறுக்கும். பிள்ளைகள் அவற்றை எடுத்து விளையாடுவது வழக்கமாதலால், பள்ளிக்கூட வளைவில் இச்செடியை வைக்காதிருத்தலே தகும்.

இவ்விரண்டோடும் குழப்பப்படுவது விராலி. சிறுமலை அடிவாரத்திலும் நத்தம் பக்கத்துக் கரடுகளிலும் இது மிகுதி. விராலிப்பட்டி என்னும் ஊர்ப்பெயரும் இதனையே நினைவூட்டும். இலை குறுகியது, மாற்றி மாற்றி ஒவ்வொன்றாய் அமரும். ஆயினும் இதில் பால் இல்லை. தளிரைத் தடவினால் மெழுகு பூசியதுபோல் விரலில் ஒட்டும். காகிதம்போன்ற சிறகுள்ள காய்கள் இருந்தால் ஐயத்துக்கே இடமில்லை.

ஆடாதொடையை அறிவது எளிது. இலை எதிரெதிராய் இரண்டிரண்டு, நீளம் நான்கு முதல் எட்டு அங்குலம், அகலமும் அதற்கேற்றபடி, மென்மையானது, கணு சற்றுப் பருத்திருக்கும், பால் இல்லை. கசக்கினால் எழும் நாற்றத்தை ஒருமுறை முகர்ந்தவர் மறவார். ஆடு தொடாததால் இப்பெயர் என்பர். இருமலுக்குக் கஷாயம் வைப்பதும், நெல் வயலில் தழையுரமாக மிதிப்பதும் பழைய வழக்கம். கஷாயத்துக்குத் தழை ஒடிக்கப் பிள்ளைகளை அனுப்பும் வீட்டார், இரண்டிரண்டாக நிற்கும் அகன்ற இலை என்பதையேனும் சொல்லியனுப்ப வேண்டும்.

நந்தியாவட்டைக்கும் எதிரிலைதான், பாலுண்டு, ஆனால் இலை அலையலையாய் நெளிந்து, கிளை கவைகவையாய்ப் பிரியும். இட்லிப்பூச் செடியில் பால் இல்லை. எதிரெதிர் இலைக்காம்புகளின் நடுவே ஊசிபோன்ற சிறு செதில் காணப்படும். எருக்கை யாரும் அறிவர். உண்ணிச்செடிக்குச் சதுரத் தண்டும் சொரசொரப்பான பல்விளிம்பு இலையும் அடையாளம். மலையடிவாரத்தில் இதைத் தின்ற மாடுகளுக்குக் கண் மஞ்சளாகி, வெயில்பட்ட தோல் வெடிக்கும். குளக்கரைகளில் மண்டும் நெய்வேலிக் காட்டாமணக்குக்கு நெஞ்சுவடிவ இலை. தொடர்ந்து மேயும் ஆடுகள் மெலிந்து தள்ளாடும்.

அரளி தின்ற மாடு அசைபோடுவதை நிறுத்தும், உமிழ்நீர் ஒழுகும், கழிச்சல் காணும், கால்கள் குளிரும், நாடி தாறுமாறாகும். சில மாடுகள் எவ்வடையாளமும் காட்டாமலே விழுந்துவிடும். இருதயத்தைத் தாக்கும் நஞ்சாதலால் மாட்டை ஓட்டிக்கொண்டு நெடுந்தூரம் நடத்தலாகாது. கால்நடை மருத்துவரை அழைக்கச் செல்பவர், தின்ற தழையில் ஒரு கொத்தை இலை உதிராமல் கையோடு கொண்டுபோவது சிகிச்சைக்குப் பேருதவியாகும்.

அரளியை வெட்டியெறிய வேண்டுமென்பதன்று கருத்து. வறட்சி தாங்கி மாலைக்கு மலர் தருவது. திண்டுக்கல் பூச்சந்தையில் விலைபோவது. கால்நடை மேயாது, எதிர்வரும் வண்டிகளின் வெளிச்சத்தையும் மறைக்கும் என்பதாலேயே மதுரையிலிருந்து திண்டுக்கல் வழியாகக் கரூர் செல்லும் நால்வழிச் சாலையின் நடுத்திட்டில் அதை வரிசையாக நட்டிருக்கின்றனர். அங்குக் கத்தரித்துப் போட்ட தழையை இலவசத் தீவனமென்று எண்ணி வீட்டுக்கு அள்ளிவரலாகாது. அரளி சாகுபடி செய்வோர், கவாத்துச் செய்த கிளைகளை வரப்பில் குவிக்காமல், தண்ணீர்த் தொட்டிக்கும் கிணற்றுக்கும் விலகிய இடத்தில் ஆழக் குழிவெட்டி அன்றே புதைத்துவிட வேண்டும். அதன் புகையும் கெடுதல் செய்யுமாதலால் அடுப்பெரிக்கவும் அவ்விறகு உதவாது.